நூற்றுப் பதினேழின் ஷூ

அன்று காலையும் கடிகாரக்காரர் அவித்த முட்டையின் வெள்ளையைக் கத்தி நுனியால் ஒரு சுற்றுக் கீறி, உள்ளே இருந்த மஞ்சள் கருவை உடையாமல் உருண்டையாக எடுத்து மனைவியின் தட்டில் வைத்தார். இரண்டு வருடமாக அப்படித்தான். கைக்கடிகாரத்தின் வயிற்றைத் திறந்து பல்சக்கரம் எடுக்கிற அதே பக்குவம். பிறகு கை கழுவிக்கொண்டு, குளியலறை வாசலில் கிடந்த எடை இயந்திரத்தில் ஏறி நின்று, தொந்திக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"தொண்ணூத்தாறு. ரெண்டு கழிச்சா தொண்ணூத்திநாலு."

அந்த இயந்திரத்தின் முள், யாரும் ஏறாதபோதே இரண்டில் நிற்கும். ஊரில் நின்றுபோன கடிகாரத்தையெல்லாம் ஓட வைக்கிற மனிதருக்கு அதைப் பூஜ்யத்துக்குத் திருப்ப ஐந்து நிமிடம் ஆகாது. கேட்டால், "ரெண்டுதானே, கழிச்சுக்கோ" என்பார்.

"இன்னிக்குச் செவ்வாய்தானே, எதுக்கு ஷேவ்?" என்று கேட்டாள் அவள்.

"தாடி வளர்ந்திருக்கு."

"ஓகோ. வியாழக்கிழமைக்கு மட்டும்தான் வளரும்னு நெனச்சிட்டிருந்தேன்."

அவர் சிரித்த மாதிரி இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பதினொரு மணிக்குக் கடையில், கண்ணில் லென்ஸும் கையில் இடுக்கியுமாக, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். மூளையில் ஒரு நாளம் வெடித்துவிட்டது என்றார்கள். மேசைமேல் திறந்து கிடந்த கடிகாரம் ஓடிக்கொண்டிருந்ததாம்.

வியாழக்கிழமைச் சங்கதியை இங்கே சொல்லியாக வேண்டும்.

ஊரின் நடுவில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் உடலசைவு அறிவியல் நிலையம் இருந்தது. உட்கார்ந்தே தொழில் செய்கிறவர்களின் உடல் பருமனைப் பத்து ஆண்டு ஆராய்வது என்று அந்த நிலையம் முடிவு செய்தபோது, ஊரில் நன்றாக உட்காருகிறவர்கள் யார் யார் என்று தேடினார்கள். தையல்காரர், பயணச்சீட்டு கொடுக்கிறவர், கணக்கு எழுதுகிறவர் எல்லாரும் கிடைத்தார்கள். ஆனால் ஒரு நாளைக்குப் பதினொரு மணி நேரம் ஆடாமல் அசையாமல், மூச்சைக்கூட அடக்கி உட்காருகிறவர் கடிகாரக்காரர் ஒருவர்தான். அவரைக் கண்டதும் நிலையம் புதையல் கிடைத்ததுபோல் மகிழ்ந்தது. நூற்றுப் பதினேழு என்று ஓர் எண் கொடுத்து, மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி, வியாழன்தோறும் காலை ஏழு மணிக்கு வரச்சொன்னது.

அன்றிலிருந்து அவளுக்கு உறக்கம் போயிற்று.

அவள் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். ஒரு பக்கத்தைப் பார்த்ததுமே எங்கே இடறுகிறது என்று தெரிந்துவிடும். கணவனின் வியாழக்கிழமைகள் இடறின. ஏழு மணிக்குப் போக வேண்டியவர் ஐந்து மணிக்கே எழுந்து சவரம் செய்தார். பவுடர் போட்டார். இருபத்தாறு வருடத்தில் அவள் ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் போடாத பவுடர். திரும்பி வந்தால் முகத்தில் வெளிச்சம் இருந்தது.

"அங்க யார் பாக்குறாங்க உங்கள?"

"ஒரு பொண்ணு. நாடி பாக்கும், இடுப்பு அளக்கும், எழுதிக்கும்."

"இடுப்பு எதுக்கு அளக்கணும்?"

"கொழுப்பு எங்க சேருதுன்னு பாக்க வேணாமா? இடுப்புல சேந்தா கெட்டது, தொடையில சேந்தா பரவாயில்லையாம்."

தொடை வரைக்கும் போயாயிற்று என்று அவள் மனதுக்குள் எழுதிக்கொண்டாள். பெயர் தெரியாத அந்தப் பெண்ணுக்கு நாடிக்காரி என்று பட்டம் கட்டினாள். இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்திய தனக்குக் கணவனின் இடுப்பு உத்தேசமாகத்தான் தெரியும். நாடிக்காரிக்கு மில்லிமீட்டரில் தெரியும். அவர் எத்தனை மணிக்குத் தூங்கினார், எத்தனை முறை புரண்டார் என்பதுகூட அந்தப் பட்டை வழியாக நாடிக்காரிக்குப் போய்விடும். பக்கத்தில் படுத்திருந்தவள் மறுநாள் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும்விட ஷூதான் பொறுக்க முடியாததாக இருந்தது. பழுப்பு நிறக் கான்வாஸ் ஷூ. அவள் தேர்ந்தெடுத்து வாங்கியது. நாக்கு பிய்ந்தபோது வேறு நிறம் கிடைக்காமல் நீல நூலால் அவளே தைத்தது. அவர் பாதத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கமாகச் சாய்த்து நடப்பார் என்பதால் இடது குதிகால் ஓரம் தேய்ந்திருக்கும். ஒவ்வொரு பரிசோதனையும் ஒரே ஷூவில் நடக்க வேண்டும், இல்லையென்றால் முடிவு மாறிவிடும் என்று சொல்லி நிலையம் அதை வாங்கி, நூற்றுப் பதினேழாம் எண் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டது. புருஷனின் ஷூ இன்னொருத்தி அறையில் குடியிருந்தது.

அவர் போய் முப்பத்தைந்தாம் நாள் முதல் கடிதம் வந்தது.

'மதிப்பிற்குரிய பங்கேற்பாளர் 117 அவர்களுக்கு. கடந்த முப்பது நாட்களில் தாங்கள் நடந்த காலடிகள்: 0. இது எங்களுக்குக் கவலை அளிக்கிறது. உடலசைவின்மை உயிருக்கு ஆபத்தானது. சிறிய இலக்குகளிலிருந்து தொடங்குங்கள். முதலில் எழுந்து நில்லுங்கள். ஓய்வுநிலை நாடி: 0. (இது எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பாராட்டுகள்.)'

மருத்துவமனையில் கழற்றிக் கொடுத்த பட்டை ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனாவை எடுத்தாள். கடிதத்தை மூன்று முறை படித்தாள். பிழை எதுவும் இல்லை. மூடி வைத்துவிட்டாள்.

"அந்த ஷூவை வாங்கிட்டு வரணும்" என்றாள் கொழுந்தனிடம். கொழுந்தன் பேருந்து ஓட்டுகிறவன். அண்ணனைவிடப் பத்துக் கிலோ கூடுதல்.

"நான் வேணா போய்க் கேக்கட்டா, அண்ணி?"

"நீ போனா உனக்கும் ஒரு நம்பர் குடுத்து உக்கார வச்சிருவாங்க. நானே போறேன். அவளையும் ஒரு தடவை பாக்கணும்."

"யார?"

"யாரோ."

நிலையத்தின் வாசலிலேயே பெரிய பலகை இருந்தது: 'நடப்பவரை நிறுத்தாதீர்.' நடந்துகொண்டிருக்கும் பங்கேற்பாளரை யாராவது நிறுத்திப் பேச்சுக் கொடுத்தால் இதயத்துடிப்பின் கணக்கு கெட்டுவிடுமாம். காவலர் அந்தப் பலகையின் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். லிஃப்டின் முன் நிலையத்து ஊழியர்கள் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். பக்கத்தில் மாடிப்படி காலியாகக் கிடந்தது. அதன் முகப்பில், 'முன்பதிவு செய்தவர்கள் மட்டுமே ஏற வேண்டும்' என்று எழுதியிருந்தது.

"இதுல ஏறக்கூடாதா?" என்று காவலரைக் கேட்டாள்.

"சும்மா ஏறினா அது உடலசைவும்மா. பயிற்சி ஆகாது. திட்டம் போட்டு, நேரம் குறிச்சு, திரும்பத் திரும்ப ஏறினாத்தான் பயிற்சி. போன வாரம் ஒருத்தர் அவசரத்துல ஏறிட்டார். யார் கணக்குல எழுதுறதுன்னு மூணு கூட்டம் நடந்துச்சு."

ஐந்தாவது மாடியில் பதிவு எழுத்தர், கால் மேல் கால் போட்டு, கோப்புகளுக்கு நடுவில் இருந்தார். அவள் வந்த விஷயத்தைச் சொன்னாள். அவர் ஒரு படிவத்தை எடுத்தார்.

"ஆய்விலேர்ந்து விலகணும்னா பங்கேற்பாளர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். ஏன் வரல? சுளுக்கா, வெளியூரா, இதரவா?"

"இறந்துட்டார்."

"அப்ப இதர." கட்டத்தில் ஒரு டிக் போட்டார். "எப்ப திரும்பி வருவார்னு ஒரு உத்தேசத் தேதி போடணுமே."

"அவர் இறந்துட்டாருங்க."

"புரியுதும்மா. என் அனுதாபம். ஆனா கட்டத்தைக் காலியா விட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது." யோசித்து, ஆய்வு முடிகிற நாளையே தேதியாகப் போட்டார். "கவலைப்படாதீங்க. எட்டு வருஷம் டைம் இருக்கு."

"எனக்கு அவர் ஷூ மட்டும் போதும்."

"ஷூ நிலையத்தோட அளவுகருவி. நிறைவுப் பரிசோதனை முடிஞ்சாத்தான் வெளியே போகும். அவர் டிரெட்மில்லுல இருபது நிமிஷம் நடக்கணும்." அவள் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இளகினார். "இதர காரணம்னா, பதிலியா மனைவி நடக்கலாம்னு ஒரு விதி இருக்கு. ஆனா அதே ஷூவுல, அதே நம்பர்லதான் நடக்கணும்."

நாடிக்காரியின் அறை அதே மாடியில் கடைசியில் இருந்தது. அவள் மனதுக்குள் இரண்டு வருடமாக ஒரு நாடிக்காரியை வளர்த்து வைத்திருந்தாள். மெல்லிய இடுப்பு, நீளக் கூந்தல், வாசனை. கதவைத் திறந்தவள் நாற்பது வயதைத் தாண்டியவள். கண்ணுக்குக் கீழே கருவளையம். கண்ணாடியின் ஒரு காது உடைந்து பஞ்சு சுற்றியிருந்தது. இது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அழகியாக இருந்திருந்தால் அழகுக்காகப் போனார் என்று முடித்திருக்கலாம். இவளிடம் எதற்காகப் பவுடர் போட்டுக்கொண்டு வந்தார் என்று இனிப் புதிதாக யோசிக்க வேண்டும்.

"நூத்திப் பதினேழு வீட்டம்மாவா?" என்றாள் நாடிக்காரி. "முட்டை."

"என்னது?"

"சாப்பாட்டுக் குறிப்பேடு எழுதுவாங்க இல்ல, தினமும் 'முட்டை ஒன்று, மஞ்சள் கரு வீட்டுக்காரிக்கு'ன்னு எழுதிட்டு வருவார். வீட்டுக்காரிக்குன்னு ஒரு கட்டம் எங்ககிட்ட கிடையாது. மேலிடத்துல கேட்டேன். 'விரயம்'னு போடச் சொன்னாங்க."

இரண்டு வருடத்து மஞ்சள் கருவையெல்லாம் விரயமாகச் சாப்பிட்டு அவள் நான்கு கிலோ ஏறியிருந்தாள்.

பெட்டி திறந்தது. ஷூ இருந்தது. நீல நூலும் இருந்தது. அவள் காலுக்கு அது தொட்டில் மாதிரி இருந்ததால், நிலையத்தின் சாக்ஸ் மூன்று ஜோடியை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிவிட்டாள் நாடிக்காரி. எடை, உயரம், இடுப்பு எல்லாம் அளந்து நூற்றுப் பதினேழின் பக்கத்தில் எழுதிக்கொண்டு, பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். மூன்று விரல்கள், குளிர்ந்தவை. நூறு வியாழக்கிழமைகள் அவர் கையைப் பிடித்த அதே விரல்கள்.

"உங்க நாடி ரொம்ப வேகமா இருக்கே. பயமா?"

"பயம் இல்ல."

"பேசாம இருங்க. பேசினா ஏறும். அவர் பேசவே மாட்டார், நல்ல மனுஷன்."

"சிரிப்பாரா?"

நாடிக்காரி கொஞ்சம் தயங்கினாள். கோப்பைத் திருப்பி ஒரு பக்கத்தைக் காட்டினாள். அச்சடித்த கட்டங்களுக்கு வெளியே, ஓரத்தில், பேனாவால் ஒரு வரி: 'பரிசோதனையின்போது மனைவி பற்றிப் பேச்சு எடுக்க வேண்டாம். நாடி பன்னிரண்டு கூடுகிறது.'

அவள் அதைப் பிழை திருத்துகிறவளின் கண்ணால் எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

"எதனால கூடுது? பயத்துலயா, பிரியத்துலயா?"

"அதுக்கும் கட்டம் இல்லீங்க" என்றாள் நாடிக்காரி. பிறகு, தன் கையில் இருந்த மணிக்கட்டைப் பார்த்தபடி, "என் வீட்டுக்காரருக்கு நான் ஒரு தடவை பாத்தேன். என்னப் பத்தி நானே பேச்செடுத்தேன். ஒண்ணுகூடக் கூடல" என்றாள்.

டிரெட்மில் ஓடத் தொடங்கியது. அவள் கணவனின் ஷூவில், கணவனின் எண்ணில் நடந்தாள். தேய்ந்த இடது குதிகால் அவளையும் வெளிப்பக்கமாகச் சாய்த்தது. இருபதாவது நிமிடத்தில் இயந்திரம் நின்றது. நிலையத்தின் கம்ப்யூட்டர் ஒரு மணி அடித்தது. இதுவரை யாருக்கும் அடிக்காத மணியாம். எழுத்தர் ஓடி வந்தார். அதாவது, எழுந்து வந்தார்.

நூற்றுப் பதினேழின் எடை இரண்டு மாதத்தில் தொண்ணூற்றுநான்கிலிருந்து அறுபத்தொன்றுக்கு இறங்கியிருந்தது. இடுப்பில் முப்பது சென்டிமீட்டர் காணாமல் போயிருந்தது. உயரத்தில் பதினான்கு சென்டிமீட்டர் குறைந்ததை, அளவெடுப்பில் வரும் வழக்கமான சிறு பிசகு என்று கம்ப்யூட்டர் ஒதுக்கிவிட்டது. பருமன் என்ற வகையிலிருந்து, இயல்பு என்ற வகைக்கு ஆய்வின் வரலாற்றிலேயே வந்து சேர்ந்த ஒரே ஆள்.

இயக்குநர் லிஃப்டில் ஒரு மாடி இறங்கி நேரிலேயே வந்தார். மூச்சு வாங்கியது. ஊழியர்களைச் சுற்றி நிற்கச் சொல்லிவிட்டு, அவர் மட்டும் உட்கார்ந்துகொண்டு பேசினார்.

"நண்பர்களே, நம்முடைய அறிவியலை நம்பாதவர்கள் இந்த ஊரில் உண்டு. இரண்டு வருடமாக ஒரு பங்கேற்பாளரின் எடைகூடக் குறையவில்லையே என்று கேட்டார்கள். இன்று நூற்றுப் பதினேழு பதில் சொல்லிவிட்டார். கடைசி இரண்டு மாதத்தில் அவர் என்ன செய்தார்? பட்டையின் கணக்குப்படி, ஒரு காலடிகூட எடுத்து வைக்கவில்லை. இது நம்மைச் சிந்திக்க வைக்கிறது. ஒருவேளை நாம் இதுவரை மக்களை அளவுக்கு மீறி நடக்கச் சொல்லிவிட்டோமோ? இதை ஆராயத் தனிப் பிரிவு தொடங்க இன்றே எழுதப் போகிறேன்."

"ஐயா, அவர் இறந்துட்டார்" என்றாள் அவள்.

இயக்குநர் கையெடுத்துக் கும்பிட்டார். "கேள்விப்பட்டேன் அம்மா. பெரிய இழப்பு. ஆனால் எது காரணம்? மூளை. மூளை எங்கள் துறை இல்லை. அவருடைய இதயம் கடைசி நொடி வரை எங்கள் அட்டவணைப்படிதான் துடித்தது. அதில் உங்களுக்கு ஒரு பெருமை இருக்க வேண்டும். மரணம் எங்கள் ஆய்வின் முடிவுகளில் ஒன்றாகச் சேர்க்கப்படவில்லை. சேர்த்தால் எல்லாப் பங்கேற்பாளர்களும் கடைசியில் ஒரே மாதிரி ஆகிவிடுவார்கள், ஒப்பிட முடியாது." எழுத்தரைப் பார்த்தார். "அந்த ஷூ கண்ணாடிப் பேழையில், வரவேற்பறையில். சாதனையாளர் பொருள் நிலையத்துக்கே சொந்தம், விதி இருபத்திரண்டு. அம்மா அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகலாம்."

அவள் அப்போதும் டிரெட்மில்லின் மேல்தான் நின்றுகொண்டிருந்தாள். குனிந்து ஷூவின் கயிற்றைத் தொட்டாள். கண்ணாடிப் பேழை, உள்ளே விளக்கு, தினமும் காலையில் வந்து போகிற நாடிக்காரி, தினமும் பார்க்கப்போகிற ஷூ. அவள் கயிற்றை அவிழ்க்கவில்லை. இன்னும் இறுக்கி, இரட்டை முடிச்சுப் போட்டாள். இறங்கினாள். நடந்தாள்.

"அம்மா, ஷூவை வெளியே எடுத்துட்டுப் போக அனுமதி இல்ல" என்றார் எழுத்தர்.

"எடுத்துட்டுப் போகல. நடந்துட்டிருக்கேன்."

எழுத்தர் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. வாசலில் இருந்த அதே பலகை இங்கும் அவர் தலைக்கு மேலேயே தொங்கியது: 'நடப்பவரை நிறுத்தாதீர்.' ஊழியர்கள் இரண்டு பக்கமும் விலகி வழி விட்டார்கள். நிறுத்தினால் நிறுத்தியவர் விளக்கம் எழுத வேண்டும். இயக்குநர் எழுந்திருக்க முயன்று, பாதியில் விட்டுவிட்டார்.

லிஃப்டின் முன் நின்றால் அது நிற்பதாகிவிடும். அவள் படிக்குப் போனாள். ஏறுவதற்கு முன்பதிவு வேண்டும் என்று எழுதியிருந்தது. இறங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இறங்குவதில் ஆற்றல் செலவு குறைவு என்று நிலையம் அதைக் கணக்கில் சேர்த்ததே இல்லை. ஐந்து மாடி. பெரிய ஷூ ஒவ்வொரு படியிலும் டப் டப் என்று அடித்தது. மூன்றாவது மாடியில் திரும்பிப் பார்த்தாள். மேலே கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நாடிக்காரி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. படிகளை எண்ணுகிறாளோ என்னவோ.

வாசலில் காவலர் எழுந்து நின்று வணக்கம் வைத்தார்.

அவள் வீடு வரைக்கும் நிற்கவில்லை. சிக்னலில்கூட நின்ற இடத்தில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். தெருமுனையில் பேருந்தை ஓரம் கட்டிவிட்டுக் கொழுந்தன் எட்டிப் பார்த்தான்.

"அண்ணி, ஏறுங்க. என்ன இது, அண்ணன் ஷூவுல?"

"போடா. நிறுத்தாத."

மாதக் கடிதங்கள் நிற்கவில்லை. இப்போது அவை வேறு குரலில் வருகின்றன. நூற்றுப் பதினேழாம் எண்ணுக்குச் சாதனையாளர் சான்றிதழ் வந்தது. புதிய பங்கேற்பாளர்களிடையே உரையாற்ற அழைப்பு வந்தது. ஷூவைத் திருப்பிக் கேட்டும் வந்தது. ஆனால் அதற்குப் பங்கேற்பாளர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்று கீழே சிறிய எழுத்தில் இருந்தது. ஒரு கடிதத்தின் ஓரத்தில் மட்டும், கட்டத்துக்கு வெளியே, பேனாவால் 'முட்டை சாப்பிடுங்க' என்று எழுதியிருந்தது. அவள் அந்தக் கடிதத்தைக் கிழிக்கப் போனாள். இரண்டு தடவை போனாள். அது இப்போதும் அலமாரியில், மற்றவற்றுக்கு அடியில் இருக்கிறது. தன் மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொண்டு அவரைப் பற்றி நினைத்துப் பார்த்திருக்கிறாள். ஒன்பது கூடுகிறது. பன்னிரண்டு ஆகவில்லை. அந்த மூன்றில் அவரை ஜெயிக்க முடியவில்லையே என்று இருக்கிறது.

போன வாரம் கொழுந்தன் வந்தவன், குளியலறைப் பக்கம் போய்விட்டு வந்து சொன்னான்:

"அண்ணி, அந்த எடை மெஷின் தப்பாக் காட்டுது. கீழ ஒரு திருகாணி இருக்கு. ரெண்டு நிமிஷம், திருப்பி விட்டுரட்டா?"

"உனக்கு வேற வேலை இல்லையா? உக்காரு, முட்டை வெந்திருக்கு."

அவன் உட்கார்ந்தான். முட்டையை அப்படியே முழுதாக வாயில் போட்டுக்கொண்டான்.

குளியலறை வாசலில் யாரும் ஏறாமல் கிடக்கும் அந்த இயந்திரத்தின் முள் இரண்டில் நிற்கிறது.